வெயிலை வீணாக்காத அக்கா

அந்த வீட்டில் எனக்கு அறை கிடைத்ததற்குக் காரணம், என்னிடம் இஸ்திரிப் பெட்டி இல்லாததுதான்.

ஜவ்வாது மலையில், வானாய்வுக்கூடம் இருக்கிற காவலூருக்குப் போகிற பாதையில் இருக்கிற ஓர் ஊர். அங்கிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்தாளுநராகப் போயிருந்தேன். வாடகைக்கு இடம் கேட்டபோது எல்லாரும் ஒரே வீட்டைத்தான் கை காட்டினார்கள். காட்டிவிட்டு ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

மற்ற ஊர்களில் வாடகைக்கு வருகிறவனிடம் எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். வீட்டுக்கார அக்கா அதெல்லாம் கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அயன் பாக்ஸ் கீதா?"

"இல்லக்கா."

"கரன்ட் அடுப்பு?"

"இல்ல. மெஸ்லதான் சாப்பாடு."

"ராத்திரி புக்கு கிக்கு படிப்பீங்களா?"

"படுத்தா தூங்கிடுவேங்க."

"அப்படின்னா வந்து இருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு மாத்திரை சார்.

விஷயம் இதுதான். நம் ஊரில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை இலவசம். அக்காவின் வீட்டுக்கும் என் அறைக்கும் ஒரே மீட்டர். அந்த நூறைத் தாண்டாமல் குடும்பம் நடத்துவதை அக்கா ஒரு விரதமாகவே வைத்திருந்தார். ரீடிங் எடுக்கிறவர் வந்து பார்த்துவிட்டு "ஒண்ணும் கட்ட வேணாம்மா" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளை மாவட்டத்திலேயே முதல் மார்க் வாங்கிவிட்டது என்று கேட்ட தாய்க்குக்கூட அவ்வளவு பூரிப்பு வராது. அந்த வீட்டின் கூடத்து ஃபேன் முழு வேகத்தில் சுற்றி அந்த நாளில் நான் பார்த்தது அந்த மனிதருக்காக மட்டும்தான். அவர் மோர் குடித்து முடிக்கிறவரை சுற்றும். அவர் படி இறங்கியதும் நிற்கும்.

அக்காவுக்குப் பணத்தாசை என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பு. அவருக்கு எதுவும் வீணாகக் கூடாது, அவ்வளவுதான். அரிசி கழுவின தண்ணீர் மாட்டுக்கு. முருங்கைக்காய் சப்பின சக்கை உரக்குழிக்கு. நான் தூக்கிப் போடுகிற மாத்திரை அட்டைப்பெட்டி விதை கட்டி வைக்க. நாம் விடுகிற மூச்சுக்கும் ஏதாவது வேலை இருந்தால் அதையும் பிடித்து வைத்திருப்பார். "சும்மா போவக்கூடாது சார், எதுவும் சும்மா போவக்கூடாது" என்பது அவர் வாயில் வராத நாளே கிடையாது.

பல் விளக்கப் பின்பக்கம் போனால் போதும், குரல் வந்துவிடும்.

"மாத்திரை சார், உள்ள யார்னா கீறாங்களா?"

"இல்லையேக்கா."

"அப்ப ஃபேன் யாருக்கு சுத்துது?"

என் அறை வாசலில் ஒரு பல்பு இருந்தது. அதற்கு ஸ்விட்சும் இருந்தது. போட்டால் உடனே அணைந்துவிடும், அதாவது அக்கா அணைத்துவிடுவார். கேட்டதற்கு, "காவலூர்ல நட்சத்திரம் பாக்கறவங்களுக்கு வெளிச்சம் தொந்தரவு ஆவும் சார். நம்மால அவங்க வேல கெடக்கூடாது" என்றார். வானத்தை ஆராய்கிறவர்களுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே இரண்டு மேடும் ஒரு காடும் இருந்தன. இருந்தாலும் விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு இழுத்த பிறகு நான் என்ன பேசுவது? தடவித் தடவித்தான் பூட்டைத் திறப்பேன்.

அவர் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. விளக்கை அணைத்துவிட்டுத்தான் டிவி பார்ப்பார். "டிவிலயே வெளிச்சம் வருதே, அப்புறம் லைட்டு எதுக்கு?" என்பது அக்காவின் சட்டம்.

இதையெல்லாம் சொன்னால் அக்கா ஏதோ ஈவிரக்கம் இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அத்தனை நாளும் பகல் முழுக்க என் தலைக்கு மேலே ஃபேன் ஓடியது. நான் அணைக்கச் சொன்னபோது "மூடிக்கினு படுங்க சார்" என்று அதட்டினார். மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த முறைதான் அவர் வீட்டுக்கு முதன்முதலாக பில் வந்தது. எதனால் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் முகத்துக்கு எதிரே ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மாதமும் பொழுது போவதற்குள் எல்லாரும் சாப்பிட்டு முடித்தாக வேண்டும் என்றாகிவிட்டது. "இப்ப மிச்சம் பண்ணா போன தடவ கட்டினது திரும்பி வராதுக்கா" என்றேன். "கணக்குக்கு வராது. மனசுக்கு வரும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் அப்போதே கவனித்திருந்தால், பின்னால் நடந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

சோலார்காரர் ஒருநாள் மத்தியானம் பைக்கில் வந்து இறங்கினார். கீழே வேலூர்ப் பக்கத்துக் கம்பெனி ஆள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பளபளவென்று வழவழத்தாள் படங்கள். மலையேறி வந்த களைப்பில் மோர் கேட்டார். அக்கா மோர் கொடுத்தார். ஃபேன் போடவில்லை.

"மேடம், மாடியில பேனல் போட்டா உங்க கரன்ட் பில்லு ஜீரோ ஆயிடும்."

"இப்பவே ஜீரோதான்" என்றார் அக்கா.

அந்த ஆள் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. ஒரு வாய் மோர் குடித்துக்கொண்டார். அரசாங்க மானியம் பற்றிச் சொன்னார். பேங்கில் கடன் வாங்கித் தருவதாகச் சொன்னார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பேனல் உழைக்கும் என்றார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப மாசம் நாங்க ஒண்ணும் கட்டறதில்ல. பேனல் போட்டா மாசாமாசம் பேங்குக்குக் கட்டணும். அப்படித்தான?" என்றார். அவர் தலையைச் சொறிந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். அதிகமாகக் கரன்ட் செலவழித்து, பெரிய பில் கட்டுகிறவர்களுக்குத்தான் இது லாபம், பில்லே இல்லாத வீட்டில் போட்ட பணம் எங்கிருந்து திரும்பும்? அக்கா "அதான் சார், அதேதான்" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சோலார்காரர் படங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். ஷூவை மாட்டிக்கொண்டு, வியாபாரம் போன வருத்தத்தில் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல மாடிங்க. மரம் மட்ட இல்ல, நெழல் இல்ல. காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் எவ்ளோ வெயில்! எல்லாம் சும்மா வீணாப் போவுது."

அந்த மனிதர் அதைக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. பெருமூச்சு விடுகிற மாதிரி வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் அக்காவின் முகம் மாறிவிட்டது. நான் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அவர் மாடியில் நின்றுகொண்டிருந்தார். தரையில் கிடந்த வெயிலை, கொட்டிப்போன பாலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புளி காய வைக்கிற சீசன் தவிர மீதி நாளெல்லாம் சும்மாதான சார் வுழுது" என்றார்.

"விழட்டுமேக்கா. வெயிலுக்கு என்ன, காசா பணமா?"

"அதான் சார் வயிறு எரியுது. காசில்லாம வருதேன்னுதான் இத்தினி வருசம் நானும் கண்டுக்காம வுட்டுட்டேன்."

அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார். முன்பணத்துக்குக் காதில் இருந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்தார். அம்மா வீட்டில் போட்டுவிட்ட சிவப்புக் கல் கம்மல். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று காதில் வேப்பங்குச்சியைச் சொருகிக்கொண்டார். மாதத் தவணையைப் புளிக் காசில் கட்டிவிடலாம், நல்ல சீசனில் கம்மலையும் மீட்டுவிடலாம் என்பது அவர் திட்டம். அவர் வீட்டுக்காரர் அப்போதுதான் நான் கேட்க ஒரே ஒரு வார்த்தை பேசினார். "ஐயோ" என்றார்.

பேனல் வந்தது. அதற்குப் பிறகு அந்த வீடு தலைகீழாகிவிட்டது.

பகலில் உண்டாகிற கரன்டை வீட்டில் செலவழிக்காவிட்டால் அது கம்பி வழியாக வெளியே போய்விடும் என்று சோலார்காரர் சொல்லியிருந்தார். அதற்குக் கணக்கு வைத்துக்கொள்வார்கள், பில்லில் கழிப்பார்கள் என்றும் சொன்னார். பில்லே இல்லாதவர் எதில் கழிப்பது? அக்காவின் காதில் விழுந்தது 'வெளியே போய்விடும்' என்பது மட்டும்தான். இதுவரை மிச்சம் பிடிப்பதற்காகப் பாடுபட்ட பெண், இப்போது செலவழிப்பதற்காகப் பாடுபட ஆரம்பித்தார். கல்யாணச் சீராக வந்து பரணில் கிடந்த கிரைண்டர் கீழே இறங்கியது. தெருவில் யார் வீட்டு அரிசியும் எங்கள் கூடத்தில்தான் மாவாயிற்று.

"மாத்திரை சார், வேலைக்குக் கௌம்பிட்டீங்களா?"

"ஆமாக்கா. ஃபேனை நிறுத்திட்டேன்."

"எவன் நிறுத்தச் சொன்னது? போடுங்க! வெயில் வீணாப் போவுது!"

இஸ்திரிப் பெட்டி இல்லாததால் அறை கிடைத்தவனுக்கு அக்காவே ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று மடிப்புக் கலையாத சட்டையில் அந்த மலையில் நடமாடிய ஒரே ஆள் நான்தான். பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்படியும் கொஞ்சம் கரன்ட் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. அதை அக்காவால் தாங்க முடியவில்லை. அடுத்த வீடு அவர் ஓரகத்தி வீடு, அதாவது அவர் கொழுந்தனாரின் மனைவி வீடு. இரண்டு பேருக்கும் பாகம் பிரித்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேச்சில்லை, முறைப்புத்தான். ஒரு மத்தியானம் அந்த வீட்டில் ஃபேன் ஓடுவதை அக்கா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி, ஆளில்லாத ரூம்ல ஃபேனு ஓடுது? என் வூட்லேர்ந்து வர்ற கரன்ட்டுடி அது. நிறுத்துடி!"

"உன் வூட்டுக் கரன்டுன்னு பேரா எழுதியிருக்குது?"

"என் மாடியில வுழுந்த வெயிலுடி!"

"எங்க மாடியிலயும்தான் வுழுது. நாங்க யார்னா ஊரக் கூட்டறமா?"

ஊரே சிரித்தது. அக்கா சன்னலைச் சாத்திக்கொண்டார்.

மாசி பிறந்து புளி விழத் தொடங்கியபோதுதான் அவருக்கு நிஜமான சங்கடம் வந்தது. ஓடு உடைத்த புளியை நாலைந்து நாள் நல்ல வெயிலில் காய வைத்தால்தான் கொட்டை எடுக்க வரும், வியாபாரியும் விலை கொடுப்பான். வெயில் நன்றாக விழுகிற இடத்தையெல்லாம் பேனல் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் கீழே நல்ல நிழல். கடன் கட்டப் புளி வேண்டும், புளிக்கு வெயில் வேண்டும், வெயிலையோ கடன் வாங்கி வந்த சாமான் குடித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் ஹெல்மெட்டும் கருவிப் பையுமாக அவசரமாக வந்தார். அவர்களுடைய போனில் எங்கள் மாடியில் கரன்டே உண்டாகவில்லை என்று காட்டியதாம். அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். பேனல் முழுக்கப் பழைய சேலை விரித்து, நாலு மூலையும் இழுத்துக் கட்டி, அதன்மேல் புளி காய்ந்துகொண்டிருந்தது.

"மேடம், இது இன்னாது?"

"புளி."

"புளின்னு தெரியுதும்மா. இங்க ஏன் போட்டுக்கீறீங்க?"

"இது வெயில்ல வேல செய்யிற சாமான்தான? புளியும் வெயில்ல வேல செய்யிற சாமான். ரெண்டும் ஒண்ணா வேல செய்யட்டுமேன்னு போட்டேன்."

மெக்கானிக் படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் படாவிட்டால் பேனல் வேலை செய்யாது, நிழலும் சேலையும் அதற்கு ஆகாது என்று விளக்கிச் சொன்னார். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சேலையை அவிழ்த்தார். புளியைக் கூடையில் அள்ளும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த வருஷப் புளி பாதி நமுத்துப்போயிற்று. வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டான். தவணை கட்டியதுபோக ஒன்றும் மிஞ்சவில்லை. வேப்பங்குச்சி காதிலேயே இருந்தது. யாராவது "கம்மல் எங்க?" என்று கேட்டால் "காது வலிக்குது, கழட்டி வச்சிருக்கேன்" என்பார். பேனல் லாபமா என்று கேட்டால், "வெயிலு வீணாப் போவலியே" என்று சொல்லி உள்ளே போய்விடுவார்.

இந்த நிலைமையில்தான் சோலார்காரர் மறுபடியும் வந்தார். கூடவே ஓரகத்தி. அவருக்கும் பேனல் போட ஆசை வந்துவிட்டதாம். அக்கா வீட்டு மாடியில் மினுமினுக்கிறது, தன் வீட்டில் இல்லையே என்கிற ஆசை. ஓரகத்தியின் காதில் கம்மல் பளிச்சென்று இருந்தது. முன்பணத்துக்கு அதைத்தான் வைக்கப் போகிறார் என்று சொல்லாமலே தெரிந்தது.

சோலார்காரர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், நீங்க ஒரு வார்த்த நல்லதாச் சொல்லுங்க. ஆள் சேத்து வுட்டா உங்களுக்கு கமிஷன் உண்டு" என்று தொகையைச் சொன்னார். நானும் அங்கேதான் என் மொடமொட சட்டையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தொகைக்கும் கம்மலை மீட்கிற தொகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அக்காவின் கை தானாகக் காதுக்குப் போய் வேப்பங்குச்சியைத் தொட்டது. நல்லா கீது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கம்மல் வந்துவிடும். அதுவும் யாரை மாட்டிவிட்டு? பரம எதிரியை. அக்கா சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. சொன்னாலும் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது என்றும் தோன்றியது.

அக்கா கூடத்துக்கு வந்தார். ஓரகத்தியை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் வூட்டுக் கரன்ட் பில்லு எவ்ளோடி?"

"நாங்களும் நூறுக்குள்ளதான். ஒண்ணும் வர்றதில்ல."

"புளி எங்க காய வைக்கற?"

"மாடியிலதான், வேற எங்க?"

"அப்ப வூட்டுக்குப் போ. போய் புளிய காய வை. இந்த வேல உனக்கு வாணாம்."

ஓரகத்திக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ மட்டும் போட்டுக்கலாம், நாங்க போட்டுக்கக் கூடாதா?"

அக்கா காதிலிருந்த வேப்பங்குச்சியை உருவி அவர் கையில் வைத்தார்.

"பேனலு போட்டா இதான் மிச்சம். நான் கணக்கு தெரிஞ்சே போய் வுழுந்தேன். வுழுந்தது வுழுந்தாச்சி. அந்தத் தப்பாவது சும்மா வீணாப் போவாம ஒருத்திக்கு ஒதவட்டும்."

சோலார்காரர் ஷூவைத் தேடினார். அக்கா போய்க் கூடத்து ஃபேனைப் போட்டார், முழு வேகத்தில். ஓரகத்தியை உட்காரச் சொன்னார். பாகம் பிரித்த பிறகு அந்த அம்மாள் அந்த வீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கையில் வைத்த வேப்பங்குச்சியை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "அக்கா, உன் புளிய எங்க மாடியில கொண்டாந்து கொட்டேன்" என்றார்.

அடுத்த சீசனில் இரண்டு வீட்டுப் புளியும் அந்த மாடியில் காய்ந்தது. இந்த மாடியில், பேனலின் நிழலில் ஒரு டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டுப் பெண்களும் கொட்டை எடுத்தார்கள். தவணையைக் கட்ட முடிந்தது. கம்மலை மீட்கிற அளவுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அதற்குள் எனக்கு வேலூருக்கு மாற்றலாகிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி, வீடு வாங்கி, ஏசி, வாஷிங் மிஷின், ஹீட்டர் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கரன்ட் பில்லைப் பார்த்தாலே வேர்க்கும், ஏசி ஓடினாலும். போன வருஷம் ஒரு சோலார் கம்பெனியிலிருந்து ஆள் வந்தபோது, வந்தவர் யார் என்று பார்த்தால் அதே மனிதர். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தார். அவரை உட்கார வைத்துவிட்டு நான் மலைக்குப் போன் போட்டேன்.

"மாத்திரை சாரா? நல்லா கீறீங்களா? பில்லு எவ்ளோ வருது?"

சொன்னேன். பேனல் போடச் சொல்லி ஆள் வந்து உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன்.

"சார், நாங்க புளியில வருசம் முழுக்கச் சம்பாரிக்கறத நீங்க ஃபேனுக்கே கட்டறீங்க போல! மாடியில புளி கிளி காயுதா?"

"ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு பூந்தொட்டி கீது."

"அப்ப போட்டுக்கோங்க. உங்களுக்குக் கட்டும். போட்ட காசு திரும்பி வந்துடும்" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "சார், ஆள் சேத்து வுட்டது யாருன்னு கேப்பான். என் பேரச் சொல்லுங்க. சொன்ன சொல்லு சும்மா போவக்கூடாதில்ல?"

சோலார்காரர் அவர் பேரை எழுதிக்கொண்டார்.

பேனல் போட்டு சில வாரம் கழித்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. மாடியில், பேனல் பக்கத்தில் அக்கா தலையைச் சாய்த்துக் காதைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சிவப்புக் கல் வெயிலில் மின்னுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லா இருக்குக்கா என்று அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது.

"கம்மல் வந்துடுச்சி சார். அந்த வேப்பங்குச்சிய வீசிடல. பல்லு குத்த ஆவும்னு எடுத்து வச்சிருக்கேன்."